‘டொக்’ கேட்டதும் கியர்பாக்ஸை இறக்காதீங்க!

சென்னை அப்பார்ட்மென்ட் ஒன்றில் பழைய ஆட்டோமேட்டிக் எஸ்.யு.வி நின்றால், அது அந்தக் கட்டடத்துக்கே பொதுச்சொத்து. கியர் லீவரை பி-யிலிருந்து (பார்க்) டி-க்குத் (டிரைவ்) தள்ளும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தால் போதும். வாட்ச்மேன் அண்ணன் “கியர்பாக்ஸ் போச்சு சார்” என்பார். இரண்டாம் மாடி மாமா “இறக்கித்தான் பாக்கணும்” என்பார். இஸ்திரிக்காரர் “வித்துருங்க” என்று பைசல் பண்ணிவிடுவார். மூவருக்கும் டீ சொல்லிவிட்டு, காசு செலவாகாத இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

முதலில் வண்டி நிற்கும் இடம். ராம்ப் சரிவில் நிறுத்தி நேரே பி போட்டுக் காலை எடுத்தால், மொத்த எடையும் கியர்பாக்ஸ் பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கொக்கியில் தொங்கும். காலையில் அந்தக் கொக்கி விடுபடும் சத்தம்தான் ‘டொக்’. பிரேக்கை மிதித்தபடி என் (நியூட்ரல்), அப்புறம் ஹேண்ட்பிரேக், காலை எடுத்து வண்டியை அதில் உட்காரவிட்டு, மறுபடி மிதித்து பி. சத்தம் போய்விட்டால் மாமாவிடம் சொல்ல வேண்டாம், மனசு கஷ்டப்படும்.

சமதளத்திலும் வருகிறதா? பானெட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி டி, ஆர் (ரிவர்ஸ்) என்று மாற்ற, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். எதிரே நிற்காதீர்கள், பிரேக்கும் பழசுதான். இன்ஜின் எகிறினால் அதைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது. பின்சக்கரம் இழுக்கும் வண்டியென்றால் இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில், அடியில் பின்பக்கம் போகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருகுங்கள். அதன் மூட்டான யூ-ஜாயின்ட்டில் இருக்கும் சிலுவைத் துண்டில் (கிராஸ்) ஆட்டம் இருந்தால், ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் கிராஸ் வாங்கினால் வேலை முடிந்தது.

அடுத்தது கியர்பாக்ஸ் ஆயில், பாதி வழக்கு இங்கேதான். அதற்கு டிப்ஸ்டிக் (அளவுக் குச்சி) இருக்கும் பல வண்டிகளில் ஆயில் நன்றாகச் சூடான பிறகு, இன்ஜின் ஐடிலில் ஓட, எல்லா நிலைக்கும் லீவரை நிதானமாகத் தள்ளி பி-க்குத் திரும்பி அளவு பார்க்க வேண்டும். ஹோண்டாவில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத பெட்டிக்கு அளவு பார்க்கும் பிளக் அடியில் இருக்கும், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலை பார்த்துத்தான் அதைத் திறக்க வேண்டும். குறைந்தால் கியர் வழுக்கும். கூடினாலும் நுரைத்து வழுக்கும், எனவே “இன்னும் அரை லிட்டர் ஊத்திக்கலாம்” என்ற தாராளம் ஆகாது.

சிவப்பாகத் தெளிந்திருந்தால் நல்லது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட் கருகுகிறது. ஸ்ட்ராபெர்ரி மில்க்ஷேக் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது: ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகியிருக்கலாம், 2023 டிசம்பர் மாதிரி வேளச்சேரி வெள்ளத்தில் பெட்டியின் காற்றுத் துளையான பிரீதர் வழியாகவும் ஏறியிருக்கலாம். அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது.

ஆயில் மாற்ற, வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றினால் மொத்த ஆயிலும் வராது, மிச்சம் இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். ஒன்பது லிட்டர் பிடிக்கும் பெட்டியில் நான்கு வந்தாலே அதிகம். வந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, இன்னும் இரண்டு முறை இதையே செய்தால் பெரும்பகுதி புதிதாகும். பெட்டியின் அடித்தட்டான பானில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு இருப்பது சகஜம், மினுமினுக்கும் சில்லுகள் இருந்தால்தான் பயப்பட வேண்டும். பான் போல்ட்டை மூச்சுப் பிடித்து முறுக்குபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள், பான் வளைந்து கேஸ்கெட் கசியும். டொயோட்டா டபிள்யூ.எஸ் என்ற வகை ஆயில் கேட்கும் பெட்டிக்கு “எல்லாம் சிவப்புதானே சார்” என்று வேறெதையோ ஊற்றும் ஆளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஸ்கேனரில் பி0700 என்ற பழுதுக் கோட் மட்டும் வந்தால் “பெட்டியின் கணினியிடம் வேறு கோட் இருக்கிறது, போய்க் கேள்” என்றுதான் அர்த்தம். அதற்கும் முன்னால் பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்யுங்கள்; வோல்ட்டேஜ் தள்ளாடினால், பெட்டிக்குள் ஆயிலைத் திறந்து மூடும் மின் வால்வான சோலினாய்டும் தள்ளாடும்.

இத்தனைக்கும் மசியாமல் வழுக்கினால் மாமா ஜெயித்தார், இறக்கத்தான் வேண்டும். பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய பெட்டி வாங்கப் போனால் அதன் எண் தகட்டை உங்கள் பெட்டியோடு ஒப்பிட்டு, டிரெயின் பிளக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் “சூப்பர் கண்டிஷன் சார், 2023 டிசம்பர்லேர்ந்து ஓடவே இல்ல” என்றால், ஏன் ஓடவில்லை என்று மட்டும் கேளுங்கள்.