டிக் கெர் பெண்களும் எங்கள் வார்டு ரோட்டாவும்

இங்கிலாந்தின் பிரெஸ்டன் ஊருக்கு நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் எனக்குக் கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. சென்னையில் வளர்ந்தவள். வீட்டில் விளையாட்டு என்றால் கிரிக்கெட், அதுவும் அப்பாவும் தம்பியும் டிவியில் பார்ப்பது. இங்கே மனநல வார்டில் ஹேண்ட்ஓவர் (ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது) முடிந்ததும் பேச்சு ஃபுட்பாலில்தான் போய் நிற்கும். சனிக்கிழமை எங்கள் ஊர் அணியான பிரெஸ்டன் நார்த் எண்ட் தோற்றுவிட்டால் ஞாயிறு முழுக்க வார்டே உம்மென்று இருக்கும். நோயாளிகளிடம் பேச்சுக் கொடுப்பதற்காகவாவது ஸ்கோர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

டிக் கெர் லேடீஸ் என்ற பழைய பெண்கள் கால்பந்து அணியின் பெயரை எனக்குச் சொன்னவர் என்னைவிட மிகவும் மூத்த ஒரு நர்ஸ். விட்டிங்ஹாம் மனநல ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றவர். பிரெஸ்டனுக்கு வெளியே கிராமப்புறத்தில் 1873இல் திறந்த ஆஸ்பத்திரி அது. ஒரு காலத்தில் 3,500 நோயாளிகள் வரை இருந்தார்கள், சொந்தமாக ஒரு ரயில் பாதையே இருந்தது. 1995இல் மூடிவிட்டார்கள். ஊரில் மற்றவர்கள் எல்லாம் டிக் கெர் கதையை ஃபேக்டரியிலிருந்து தொடங்குவார்கள். இந்த அம்மா மட்டும் அந்த அணியின் ஆட்டக்காரி லில்லி பாரைச் சொல்லி, “லில்லி பார் நம்ம ஆளு, நர்ஸு” என்றுதான் தொடங்குவார். அப்போது அது வெறும் தொழில் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, ஃபேக்டரியையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராண்ட் ரோட்டில் இருந்த டிக் கெர் கம்பெனி டிராம் வண்டிகளும் ரயில் எஞ்சின்களும் செய்துகொண்டிருந்தது. முதல் உலகப் போரில் குண்டு தயாரிப்புக்கு மாறியது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பெண்கள் வேலைக்கு வந்தார்கள். இடைவேளையில் பந்து உதைப்பது பழக்கமாயிற்று. 1917இல் கிரேஸ் சிபர்ட் என்ற தொழிலாளி பெண்களைத் திரட்டி ஆண்களோடு மோதினார். அலுவலகத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஃபிராங்க்லண்ட் இதைப் பார்த்துவிட்டு அணியின் நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று டீப்டேல் மைதானத்தில் முதல் ஆட்டம். அருண்டெல் கூல்தார்ட் ஃபவுண்டரி பெண்களை 4-0 என்று வென்றார்கள். பார்க்க வந்தவர்கள் 10,000 பேர். வசூல், காயம்பட்ட சிப்பாய்களின் ஆஸ்பத்திரிக்குப் போனது.

அதன் பிறகு ஏறுமுகம்தான். 1920இல் பிரான்ஸிலிருந்து ஓர் அணி வந்து ஆடியது, இவர்களும் பிரான்ஸ் போய்வந்தார்கள். அந்த டிசம்பரில் ராணுவத்தின் தேடுவிளக்குகளை வாங்கி வைத்து ராத்திரியில் ஓர் ஆட்டம். பந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். பத்து நாள் கழித்து, டிசம்பர் 26 அன்று, லிவர்பூலின் குடிசன் பார்க்கில் செயின்ட் ஹெலன்ஸ் அணியோடு மோதினார்கள். உள்ளே 53,000 பேர், இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். முக்கிய ஃபார்வர்டு ஃபுளோரி ரெட்ஃபோர்ட் ரயிலைத் தவறவிட்டதால், தடுப்பாட்டக்காரரான கேப்டன் ஆலிஸ் கெல் இரண்டாம் பாதியில் முன்னால் போய் மூன்று கோல் போட்டார் என்பார்கள். இந்த 53,000 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு, மறு ஆண்டு தடை வந்தது என்று சோகமாக முடித்துவிடுவது ஊர் வழக்கம். எனக்கோ அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

தடையைச் சொல்லும் முன் பத்து ஷில்லிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஓர் ஆட்டக்காரிக்குப் பத்து ஷில்லிங் கொடுத்தார்கள். வேலைக்குப் போகாமல் இழந்த கூலிக்கு ஈடு. ஃபேக்டரிப் பெண் ஒருத்தி சனிக்கிழமை வேறு ஊரில் ஆடிவிட்டு ரயிலேறித் திரும்ப வேண்டும் என்றால் அந்த நேரத்துக்கு யாராவது பணம் கொடுத்தே ஆக வேண்டும். 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் கிளப்புகள் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று கேட்டுக்கொண்டபோது சொன்ன காரணங்கள் இரண்டு. இந்த ஆட்டம் பெண்களுக்குச் சற்றும் பொருந்தாது என்பது ஒன்று. வசூலில் பெரும்பங்கு செலவுக்கே போய்விடுகிறது, தர்மத்துக்குப் போதுமான அளவு போகவில்லை என்பது மற்றது. சம்பள நாளில் ஸ்டாஃப் நர்ஸ்களின் ஓவர்டைம் கணக்கோடு மல்லுக்கட்டிய அனுபவம் எனக்கு உண்டு. ஒருவர் உழைத்த நேரத்துக்கான காசை ‘செலவு’ என்ற தலைப்பில் எழுதிவிட்டால் அது எவ்வளவு சுலபமாகக் குற்றம்போல் தெரிய ஆரம்பிக்கும் என்று நன்றாகவே தெரியும்.

அந்தச் சமயத்தில் டாக்டர்களிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். கால்பந்து பெண்ணின் உடம்புக்கு மீறிய ஆட்டம், கொஞ்சமும் ஏற்றதல்ல என்று சொன்னவர்களில் ஒருவர் லண்டன் ஹார்லி ஸ்ட்ரீட்டில் இருந்த டாக்டர் மேரி ஷார்லிப். இந்தப் பெயரைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. நான் மகப்பேறு பயிற்சிக்குப் போய்வந்த திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கிய அதே ஷார்லிப்! வக்கீலாக இருந்த கணவரோடு மதராஸுக்கு வந்தவர். பிரசவத்தில் பெண்கள் படும் பாட்டைப் பார்த்து, 1875இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். 1885இல் ஆண் டாக்டர்களிடம் காட்டிக்கொள்ள முடியாத பெண்களுக்காக அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இன்று அதற்குக் கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி என்று பெயர், ஆனால் ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் சட்டென்று புரியும்.

பெண்களுக்கு மருத்துவப் படிப்பே கூடாது என்று சொன்ன காலத்தை எதிர்த்துப் படித்தவர் அவர். தன் எழுபதுகளில் அதே மாதிரி ஒரு வாதத்தை வேறு பெண்கள் மேல் எப்படி வைத்தார்? இதைப் பற்றி என் மூத்த தோழியோடு நிறையப் பேசியிருக்கிறேன். கிழவி குழம்பிவிட்டார் என்பது அவர் கட்சி. எனக்கு அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை. கோஷாவில் எத்தனையோ குழந்தைகள் பிறக்க வழி செய்தவர், பெண் உடம்பு என்றாலே கருப்பை என்று பார்த்துப் பழகியிருக்கலாம். வார்டில் இப்படிப்பட்ட நிபுணர்கள் இன்றைக்கும் உண்டு. தங்கள் துறையின் வாசல் வழியாகத்தான் முழு ஆளையும் பார்ப்பார்கள். ஆனால் ஒன்று. பெண்கள் பீரங்கிக் குண்டு செய்தபோதும், மனநல ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க நோயாளிகளைத் தூக்கிப் புரட்டியபோதும், உடம்புக்கு மீறியது என்று சங்கம் எதுவும் தீர்மானம் போட்டதாகத் தெரியவில்லை.

தடைக்குப் பிறகு பெரிய மைதானங்கள் இல்லை. 1922இல் கனடாவுக்குக் கப்பலேறினார்கள், அங்கேயும் சங்கம் கதவைச் சாத்தியது. அமெரிக்காவில் ஆண்கள் அணிகளோடு ஆடி, ஒன்பது ஆட்டங்களில் மூன்றில் வென்று, மூன்றை டிரா செய்து, மூன்றில் தோற்றுத் திரும்பினார்கள். கம்பெனி இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கைக்குப் போயிருந்தது. 1926 வாக்கில் ஃபிராங்க்லண்டுக்கும் நிர்வாகத்துக்கும் ஒத்துவராமல் போய், அவர் வெளியே வந்து ஒரு கடை போட்டார். அணி பிரெஸ்டன் லேடீஸ் ஆயிற்று. ஃபேக்டரி வேலை என்ற அடித்தளம் போய்விட்டது. சாதாரணமாக ஓர் அணி இத்தோடு காணாமல் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. அதற்கு ஒரு காரணம் விட்டிங்ஹாம். லில்லி பார் உட்படச் சில ஆட்டக்காரிகள் அங்கே நர்ஸுகளாகச் சேர்ந்தார்கள். லில்லி செயின்ட் ஹெலன்ஸில் பிறந்தவர், 14 வயதில் இந்த அணிக்கு வந்து முதல் சீசனிலேயே 43 கோல் போட்டவர். ஆஸ்பத்திரி வேலை பார்த்துக்கொண்டே 1951 வரை ஆடினார். மாதச் சம்பளம், தங்க இடம், உள்ளூரிலேயே இருப்பது, ஆட்ட நாளில் டியூட்டி மாற்றிக்கொள்ளக் கூடவே நாலு பேர். இவைதான் அவர்களைத் தாங்கின. என் தோழி எதற்காக நர்ஸிலிருந்து கதையைத் தொடங்கினார் என்பது, ரோட்டா, அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல், போடும் வேலை என் தலையில் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வார்டில் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். தூத்தூர்ப் பக்கம். அங்கே கடற்கரை மணலில் பையன்கள் ஃபுட்பால் ஆடாத சாயங்காலமே கிடையாது என்பாள். தம்பிகளோடு ஆடிப் பழகியவள், இங்கே ஒரு பெண்கள் அணியில் சேர்ந்தாள். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில். “அக்கா, ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்கு லாங் டே போட்டுராதீங்க, நைட்டுகூட ஏத்துக்கிறேன்” என்று நிற்பாள். லாங் டே என்றால் பகல் முழுக்க நீளும் ஷிஃப்ட். நைட் முடித்துவிட்டுக் காலையில் போய் ஆடுவதாவது! அதைவிட லாங் டேயே தேவலை. ரோட்டா பல வாரங்களுக்கு முன்பே போட வேண்டும். ஆட்டமோ லங்காஷயர் மழையில் மைதானம் குளமாகி அன்று காலைதான் ரத்தாகும், பிறகு வேறொரு தேதிக்குப் போகும். அந்தத் தேதிக்கு இன்னொருத்தி குழந்தையின் பிறந்தநாளுக்கு ஆஃப் கேட்டிருப்பாள். இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம்: வெள்ளிக்கிழமை நைட்டை அவள் எடுத்துக்கொள்வாள், ஞாயிறை இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்வார்கள், ரத்தானால் பேங்க் ஷிஃப்டுக்கு (ஆள் குறையும்போது கூடுதலாகப் பார்க்கும் ஷிஃப்ட்) வந்துவிடுவாள். முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ‘விளையாட்டுக்கு ஒரு நியாயம், கோயிலுக்கு ஒரு நியாயமா?’ என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டதில் தப்பும் இல்லை, கோயிலுக்கும் மாற்றிக் கொடுக்கிறோம்.

இப்போது பெண்கள் கால்பந்தில் டிவி உரிமை, ஸ்பான்சர், முழுநேர ஒப்பந்தம் என்று பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் கீழ்மட்டத்தில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் கடையிலும் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்ப்பவர்கள். அவர்களுடைய மேலாளர்கள் எந்த வரலாற்றிலும் வரமாட்டார்கள்.

ஃபிராங்க்லண்ட் 1957இல் இறந்தார். கேத் லாதம் என்ற பெண்மணி அணியைத் தொடர்ந்து நடத்தினார். 1965இல், ஆட்கள் கிடைக்காமல் கலைத்துவிட்டார்கள். மைதானத் தடை நீங்கியதோ 1970களின் தொடக்கத்தில். சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008இல். லில்லி பார் 1978லேயே இறந்துவிட்டார். அவருக்கு இப்போது மான்செஸ்டர் கால்பந்து அருங்காட்சியகத்தில் சிலை இருக்கிறது.

கடைசிக் காலத்து அணியை, ஆள் இல்லாத வயல்வெளி ஆட்டங்கள் என்று இங்கே சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1961இல் அந்த அணிக்குத்தான் சோர்லியிலிருந்து 13 வயதுப் பெண் ஒருத்தி ஆட வந்தாள். ஷீலா பார்க்கர். 1972 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில் இங்கிலாந்துப் பெண்கள் தங்கள் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தை 3-2 என்று வென்றபோது கேப்டன் அவர்தான்.