நாற்பது நாள்

ஜூன் 2, 2025
பள்ளி திறந்தாச்சு. பாப்பா ஒன்றாம் வகுப்பு. வாசலில் என் துப்பட்டாவை விடவே இல்லை. வீட்டுக்கு வந்து, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குக் கணக்கை எடுத்தேன், பத்து மணிக்குள் கண் சொக்கிவிட்டது.

ஜூன் 5
நேரமும் வேலையும். அ 10 நாளில் முடிப்பார், ஆ 15 நாளில். சேர்ந்தால் 6 நாள். இதுவரை சரி. 3 நாள் கழித்து அ விலகிவிட்டால் மீதியை ஆ எத்தனை நாளில் முடிப்பார் என்று கேட்டால் கை நின்றுவிடுகிறது.

ஜூன் 11
நாலு மணிக்கு நான் எழுந்தாலே அவளும் எழுந்துவிடுகிறாள். மடியில் தலையைப் போட்டுக்கொண்டு படித்தேன். சத்தம் வராமல் பக்கம் திருப்பப் பழகிவிட்டது.

ஜூன் 14
ஏழரை நாள். ஆ தனியாக ஏழரை நாள்.

ஜூன் 19
காய்ச்சல் 102. டாக்டரிடம் கூட்டம். பையில் பொருளாதாரக் குறிப்பு இருந்தது, எடுத்தேன். எங்கள் டோக்கனை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து அக்கா தோளைத் தட்டினார். குழந்தை தோளில் அனலாகக் கிடக்கிறாள், நான் ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் இருக்கிறேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தைகூட "நான் பாத்துக்கிறேன், நீ படி கண்ணு" என்றுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. பன்னிரண்டாவது முடித்துப் பதினோரு வருடம். 3,935 இடம், எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில். ஈரத்துணியை மாற்றும்போதும் மனசு தேதிகளை ஒப்பிக்கிறது. நிறுத்தச் சொன்னால் கேட்கவில்லை.

ஜூன் 20
99.

ஜூன் 27
ஜெராக்ஸ் கடையில் மாதிரி ஓ.எம்.ஆர். தாள் வாங்கினேன். 200 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டம். தெரியாவிட்டால் சும்மா விடக்கூடாது, ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். பாப்பாவுக்கும் ஒரு தாள் கொடுத்தேன். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, கோட்டைத் தாண்டாமல், ஒரு வட்டத்துக்கு ஒரு நிமிடம். என்னுடையவை எல்லாம் வெளியே வழிந்திருந்தன. "மெதுவா, அம்மா."

ஜூலை 3
நுழைவுச்சீட்டு வந்துவிட்டது. மையம் பழனி.

ஜூலை 6
தூங்கக் கதை கேட்டாள். எனக்குப் பத்தாம் வகுப்பு வரலாறுதான் வந்தது. 1772-இல் காளையார்கோவில் போரில் கணவர் இறந்துபோக, வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியைக் கூட்டிக்கொண்டு விருப்பாச்சிக்கு வந்தார். நம்ம ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து விருப்பாச்சியேதான், கோபால நாயக்கர் பாதுகாப்பில் எட்டு வருடம், அப்புறம் 1780-இல் சிவகங்கையை மீட்டார் என்றேன்.
"அவங்க சண்டைக்குப் படிச்சப்போ அந்தப் பாப்பாவை யாரும்மா பாத்துக்கிட்டா?"
புத்தகத்தில் அது இல்லை. விடிந்ததும் மறுபடி தேடிப் பார்த்தேன்.

ஜூலை 8
அ விலகினால். அ விலகினால். இன்று வேறு எண்ணோடு வந்தது, போட்டுவிட்டேன்.

ஜூலை 10
வேலூர்ப் புரட்சி, 1806 ஜூலை 10. இனி மறக்காது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இவர் போன் செய்தார், லீவு இல்லையாம். அத்தை பழனிக்குக் கூட வருகிறார். பாப்பாவும் வருவாளாம். ராத்திரி இருமினாள்.

ஜூலை 11
கருப்புப் பேனா இரண்டு, நுழைவுச்சீட்டு, ஆதார். நாளைக்கு ஒன்பது மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். நெற்றியை மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன், சுடவில்லை. நாலாவது தடவை கண் திறந்தாள்.
"நாலு மணி ஆயிருச்சாம்மா?"