போன் எடுத்தால் நெட் விழுகிறதா? கார்ட்லெஸ்ஸைப் பிடித்த விதம்

தண்டையார்பேட்டையில் ஒட்டுச்சுவர் வீடு. கீழே பெரியவர்கள், மாடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள். ஃபைபர் இணைப்பு வந்த பிறகும் பழைய லேண்ட்லைன் நம்பரை விடவில்லை. ஃபைபர் பெட்டியின் பின்னால் உள்ள போன் துளையில் கார்ட்லெஸ் போனின் பேஸை, அதாவது ஹேண்ட்செட்டை வைக்கும் அடிப்பெட்டியை, செருகியிருந்தார்கள். சாயங்காலம் ஊரிலிருந்து போன் வந்தால் மாடியில் வீடியோ கால் உறைந்துவிடும், போனை வைத்ததும் சரியாகிவிடும். இதற்காக வேகமான பிளானுக்கு மாறியாயிற்று, ரௌட்டரையும் மாற்றியாயிற்று. இரண்டும் வீண் செலவு.

முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, குறை கம்பியிலா காற்றிலா என்பதை. அது தெரியும்வரை எதையும் வாங்காதீர்கள். வைஃபையில் இருந்த லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் ஜன்னல்களைத் திறந்தோம். ஒன்றில் ரௌட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1, பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்) இன்னொன்றில் 8.8.8.8-க்கும் (வெளியே இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வர்) விடாமல் பிங் ஓடவிட்டோம். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் சோதனை அது. போன் சும்மா இருந்தவரை ரௌட்டரிலிருந்து 2 முதல் 5 மில்லிசெகண்டில் பதில் வந்தது. பிறகு கார்ட்லெஸ்ஸிலிருந்து ஒரு செல்லுக்கு அடித்து ஐந்து நிமிடம் பேசச் சொன்னோம். ரௌட்டருக்குப் போகும் பிங்கே 200, 300 என்று ஏறியது, நடுநடுவே பதிலே வரவில்லை. ரௌட்டர் பிங் நன்றாக இருந்து வெளியே போகும் பிங் மட்டும் கெட்டால் லைனைப் பார்க்க வேண்டும். இங்கே வீட்டுக்குள் இருக்கும் ரௌட்டரையே எட்ட முடியவில்லை. அதே லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டிவிட்டு மறுபடியும் பேசச் சொன்னபோது இரண்டு எண்களுமே அசையவில்லை. ஆக, குறை காற்றில்தான்.

பேஸைத் திருப்பி லேபிளைப் படித்தால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. வைஃபையின் பழைய அலைவரிசையும் அதேதான், 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. இங்கே லைசென்ஸ் தேவையில்லை என்பதால் ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, மலிவான வயர்லெஸ் கேமரா எல்லாம் இதே சந்தில்தான் குடியிருக்கின்றன. வைஃபை பேசும் முன் காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசினால் காத்திருக்கும். கார்ட்லெஸ் அப்படிக் காத்திருப்பதில்லை. வைஃபை அனுப்பிய தரவுப் பொட்டலம் நசுங்கும், திரும்ப அனுப்பும், மறுபடி நசுங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீடியோ உறைவது இதனால்தான். செல்லில் வைஃபை ஸ்கேனர் ஆப் போட்டுப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடமும் இதுதான். அந்த ஆப் வைஃபை பெட்டிகளை மட்டும் காட்டும், கார்ட்லெஸ்ஸைக் காட்டாது. ‘சேனல் 11 காலியாகத்தானே இருக்கிறது’ என்று நினைக்கத் தோன்றும்.

சேனலை, அதாவது அலைவரிசைக்குள் வைஃபை உட்காரும் இடத்தை, மாற்றினால் தீருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழைய அனலாக் போன் ஒரே இடத்தில் நிற்கும். அதற்கு வைஃபையை 1, 6, 11 சேனல்கள் மூன்றிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து நல்லதை எடுத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் போன்களில் பெரும்பாலானவை நொடிக்குப் பல முறை அலைவரிசை முழுக்கத் தாவும். எந்தச் சேனலுக்குப் போனாலும் அங்கேயும் வந்துவிடும். இந்த வீட்டில் இருந்தது தாவும் ரகம், அதனால் சேனலில் நேரம் செலவிடவில்லை. சேனலின் அகலத்தை மட்டும் 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தோம். நெருக்கமான தெருவில் அக்கம்பக்கத்து வைஃபைக்கும் அது நல்லது.

பெரிய வித்தியாசம் காட்டியது தூரம். பெட்டியோடு வரும் போன் கேபிள் குட்டையானது, அதனால் எல்லா வீட்டிலும் பேஸ் ரௌட்டரின் தலைமாட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது. தடையில்லாத இடத்தில் 30 சென்டிமீட்டரை 3 மீட்டராக்கினால் சிக்னல் 20 டெசிபல் இறங்கும், அதாவது நூறில் ஒரு பங்கு. பேச்சுக்கு இரண்டு கம்பி போதும். ஹார்டுவேர் கடையில் 10 மீட்டர் சாதாரண டெலிபோன் ஒயர் வாங்கி, இரண்டு முனையிலும் ஆர்ஜே11 பின் (போன் துளையில் செருகும் பின்) அடித்து, பேஸை எதிர்ச்சுவர்ப் பக்கம் கொண்டுபோய் வைத்தோம். பலர் மறப்பது ஹேண்ட்செட்டை. அதுவும் அலை வீசும் கருவிதான். பேஸைத் தள்ளி வைத்துவிட்டு ஹேண்ட்செட்டை லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் மறுபடியும் கெடும்.

அடுத்து 5 ஜிகாஹெர்ட்ஸ், இந்தப் போன் தொடாத வைஃபை அலைவரிசை. ரௌட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்ததால் மாடி லேப்டாப் அவ்வப்போது 2.4-க்கே இறங்கிக்கொண்டிருந்தது. 5-க்குத் தனியாகப் புதிய பெயர் கொடுத்து, லேப்டாப்பிலிருந்து பழைய பெயரை அழித்துவிட்டோம். 2.4-ஐ முழுக்க நிறுத்த முடியாது, ஏனென்றால் வாசல் கேமராவும் ஸ்மார்ட் பல்பும் அதில் மட்டும்தான் பேசும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துத் தடித்த செங்கல் சுவர்களை 5 ஜிகாஹெர்ட்ஸ் சுலபமாகத் தாண்டாது என்பதும் உண்மை. மாடிக்கு கேட்6 லேன் கேபிள் ஒன்று இழுத்து அங்கே தனி ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் பெட்டி) வைப்பதுதான் எங்கள் சிபாரிசு. ரிப்பீட்டர் வேண்டாம், அது ஏற்கெனவே அடிபட்ட சிக்னலை மறுபடி ஒலிபரப்பும்.

இன்னும் செம்புக் கம்பி பிராட்பேண்டில் இருப்பவர்களுக்கு வேறு கதை. அங்கே மணி அடித்ததும் மோடத்தின் டிஎஸ்எல் விளக்கே (லைன் இணைந்திருப்பதைக் காட்டும் விளக்கு) அணைந்து எரிந்தால் அது காற்று அல்ல, பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் பில்டர் இல்லாத குறை. ஸ்ப்ளிட்டர் என்ற பிரிப்புப் பெட்டியில், வெளியிலிருந்து வரும் கம்பி லைன் துளைக்கும், பேஸ் போன் துளைக்கும் போக வேண்டும். கூடத்திலோ படுக்கையறையிலோ இணையாக இன்னொரு போன் இருந்தால் அதற்கும் தனி பில்டர் வேண்டும். ஒன்றை விட்டாலும் மொத்த லைனும் ஆடும். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக் காற்றில் கம்பி இணைப்பு பச்சை பூத்துவிடும். கம்பி போனைக் காதில் வைத்தாலும் கரகரவென்று கேட்டால் கார்ட்லெஸ்ஸைக் குறை சொல்லாமல், பச்சை பூத்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி ஜெல்லி கனெக்டர் (ஈரம் புகாமல் ஜெல் நிரப்பிய இணைப்பான்) போடுங்கள். பேஸின் அடாப்டரும் சத்தம் கிளப்பலாம். ஏடிஎஸ்எல் என்ற செம்புக் கம்பி பிராட்பேண்ட் ஓடுவது சுமார் 1100 கிலோஹெர்ட்ஸ் வரை, மீடியம் வேவ் ரேடியோவின் பெரும்பகுதி அதற்குள் அடங்கும். சென்னை வானொலியின் 720-லிருந்து முள்ளைச் சற்று விலக்கி ரேடியோவை அடாப்டர் அருகே கொண்டுபோங்கள். கொர்ரென்று இரைந்து, அடாப்டரைப் பிடுங்கியதும் நின்றால் அதை மாற்றுங்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் டெக்ட் 6.0 ரகக் கார்ட்லெஸ் போனை மாற்றாக வைக்காதீர்கள். அது வைஃபையைத் தொடாது, ஆனால் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. இங்கே அது செல்போன் டவருக்கான அலைவரிசை.

எல்லாம் முடிந்த பிறகு, தெருவில் வைஃபை நெரியும் இரவு 8 மணிக்கு அதே ஐந்து நிமிடப் பேச்சு, அதே பிங். புதிய பெயரில் இருந்த மாடி லேப்டாப்பில் எண் ஏறவேயில்லை. கீழே 2.4-இல் இருந்த செல்லில் எப்போதாவது 30, 40 வந்தது, விடுபடவில்லை. பேஸ் மீது ‘இங்கேயே இருக்கட்டும்’ என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தோம். போகிக்கு வீடு துடைக்கும்போது யாராவது அதைத் தூக்கிப் பழைய தட்டிலேயே ரௌட்டர் பக்கத்தில் வைத்துவிடுவார்கள்.