குளிர வேண்டாம், வேர்க்காமல் இருந்தால் போதும்

கோத்தகிரியில் லீவைக் கழித்துவிட்டு, நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு மேல் திருச்சி ஜங்ஷனில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது. அழுக்குத் துணியை இன்னும் பையிலிருந்து எடுக்கவில்லை. வேன்காரர் மேல் இருக்கிற கோபமும், பிளம்ஸ் தின்ற சந்தோஷமும் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மே மாதத்தில் குடும்பத்தோடு எங்கே போவது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு உதவும். பஸ் நேரமெல்லாம் மேட்டுப்பாளையத்தில் கேட்டுக் கேட்டு ஒரு சீட்டில் குறித்து வைத்திருக்கிறேன், கடைசியில் வரிசையாகத் தருகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். என் மாமியாருக்கு வீசிங், முட்டிவலி இரண்டும் உண்டு. அதிகக் குளிர் ஆகாது, வெயிலும் ஆகாது. ஆறு வயதுப் பையனுக்கு மலைப்பாதையில் வண்டி திரும்பினால் வாந்தி. ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்குப் படகு இருந்தே ஆக வேண்டும். வீட்டுக்காரருக்கு ஊட்டியைத் தவிர வேறு ஊர் தெரியாது. கல்யாணமான புதிதில் போனது. எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: 18,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது.

ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. ஊட்டி என்றார் இவர். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து வண்டிக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைனில் வாங்கும் அனுமதி வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 கோடையில் இன்னும் இறுக்கி, ஊட்டிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் கணக்கு வைத்துவிட்டார்கள். பாஸுக்குக் காசில்லை, விண்ணப்பிப்பதும் பெரிய வேலை இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு 6,000 வண்டியை விடுகிறார்கள் என்றால் மேலே என்ன கதியாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பெரிய கடைவீதியில் தீபாவளிக்கு முந்தின நாள்தான் நினைவுக்கு வந்தது. அதற்கு ஸ்வெட்டர் வேறு போட்டுக்கொண்டு போக வேண்டுமா?

அப்புறம்தான் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு உயரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக ஆறு, ஆறரை டிகிரி குறையும். பள்ளியில் படித்ததுதான், குடும்பத்துக்குப் பயன்பட்டது இப்போதுதான். திருச்சியில் 39 டிகிரி என்று வையுங்கள். ஏலகிரியும் வால்பாறையும் கிட்டத்தட்ட 1,100 மீட்டர். கணக்குப்படி 32-க்குப் பக்கம். அதற்காகப் பையனை வைத்துக்கொண்டு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவு ஏற நான் தயாரில்லை. ஏற்காடு 1,500. பரவாயில்லை, ஆனால் மதியத்தில் ஃபேன் தேட வைக்கும். ஊட்டி 2,240. பகல் சுகம்தான், ராத்திரி அத்தைக்கு இழுக்க ஆரம்பித்துவிடும். நடுவில் நின்றது கோத்தகிரி, சுமார் 1,800 மீட்டர். அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பதே எனக்குப் பிடித்துப்போன முதல் விஷயம்.

"கோத்தகிரியில என்னம்மா இருக்கு?" என்றார் அத்தை.

"ஒண்ணும் இல்ல அத்தை. அதனாலதான் போறோம்" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

கோயம்புத்தூர் வரை ரயில், அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை பஸ். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. கதை மேட்டுப்பாளையத்தில் தொடங்குகிறது. அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் வேண்டாம், அதனால் கோத்தகிரி பஸ் ஏறினோம். கடைசி சீட்டுதான் கிடைத்தது. மலைப்பாதையில் கடைசி சீட்டு என்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

நீலகிரியில் பிளாஸ்டிக் கவருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. "குஞ்சப்பனை செக்போஸ்ட்ல பிடிப்பாங்க" என்று டீக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, வாந்திக்கென்று கொண்டுவந்திருந்த பத்துக் கவர்களையும் கீழேயே விட்டுவிட்டேன். நல்ல குடிமகள். குஞ்சப்பனை தாண்டி நாலு வளைவு ஏறியதும் பையன் என் கையைப் பிடித்தான். முகம் வெளுத்து, உதட்டோரம் எச்சில். ஜன்னல் பக்கம் வேறொருவர் அசந்து தூங்குகிறார். பேப்பர் பையை நீட்டினேன், அது இரண்டு நொடி கூடத் தாங்காது என்று தெரிந்தது. கைக்கு அகப்பட்டது அத்தை மடியில் இருந்த மஞ்சப்பை. உள்ளே அவருடைய முறுக்கு டப்பா, தைலம், இன்னும் என்னென்னவோ. டப்பாவையும் தைலத்தையும் உருவினேன், அவ்வளவுதான் நேரம் இருந்தது. "பரவால்ல, பிள்ளைக்குத்தானே" என்றார் அத்தை, முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்தப் பை கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக் குப்பைத் தொட்டியோடு போயிற்று.

இறங்கியதும் ஒரு காற்று அடித்தது பாருங்கள். மதியம் ஒரு மணி, போனில் 25 டிகிரி. வெயில் அடிக்கிறது, ஆனால் சுடவில்லை. பையன் ஐந்து நிமிடத்தில் தெளிந்து பசிக்குது என்றான். அத்தை ஸ்வெட்டரைக் கையில் எடுத்தார், போட்டுக்கொள்ளவில்லை. திரும்ப உள்ளே வைத்தார். நான் தேடிக்கொண்டிருந்தது சரியாக இந்தக் குளிரைத்தான்.

ரூம் மட்டும் என்னை ஏமாற்றிவிட்டது. போட்டோவில் ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பள்ளத்தாக்கு. நேரில் ஜன்னலைத் திறந்தால் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி. கேட்டால், "மொட்டை மாடிக்குப் போனா அந்த வியூ வரும் மேடம்" என்கிறார்கள். ஒரு நாளைக்கு 2,800, அதற்கு மேல் தரையில் ஒரு மெத்தை போட 500. மூன்று ராத்திரிக்கு 9,900. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் தண்ணீர்த் தொட்டி பார்த்தே போய்விட்டது. வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான். புக் பண்ணும்போது எந்தப் பக்கத்து ஜன்னல் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு அந்தக் கோபத்தை ஆற்றியது. மார்க்கெட் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ், நாலு பெஞ்சுதான். அவரையும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு குழம்பு வைத்திருந்தார்கள். நீலகிரியின் படுகர் இனத்து வீடுகளில் செய்கிற மாதிரி என்றார் பரிமாறிய அக்கா. உருளைக்கிழங்கு பாதி கரைந்து குழம்போடு குழம்பாகிவிட்டது, மீதிப் பாதி நாக்கில் பட்டதும் உடைகிறது. அவரைக்கொட்டை ஒவ்வொன்றும் பட்டாணிக்கு அண்ணன். என் பெண் வீட்டில் அவரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற ஆள், மூன்று முறை குழம்பு கேட்டாள். சாயங்காலம் டீயோடு வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட். டீயில் நனைத்து மூன்று எண்ணுவதற்குள் வாய்க்குப் போக வேண்டும், இல்லையென்றால் தம்ளருக்குள் விழுந்துவிடும். இவருக்கு இரண்டு விழுந்தது.

சரி, வேன்காரருக்கு வருகிறேன். கோடநாடு காட்சி முனை, கேத்தரின் அருவி, கன்னேரிமுக்கு மூன்றுக்கும் சேர்த்து 1,800 ரூபாய் என்று பேசி ஏறினோம். கோடநாடு அருமை. விளிம்பில் நின்றால் கீழே மாயாறு கோடு கிழித்த மாதிரி போகிறது, தூரத்தில் பவானிசாகர் அணை மின்னுகிறது, பள்ளத்தில் தெங்குமரஹாடா கிராமம் தீப்பெட்டி அளவு. கேத்தரின் அருவி மே மாதத்தில் நூல்தான், தாராளமாக விட்டுவிடலாம். கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் வீடு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர், ஊட்டியை உருவாக்கியவர் என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் மலை ஏறி வந்து முதலில் வீடு கட்டியது இங்கேதான், 1819 வாக்கில். ஊட்டிக்குப் போனது அதற்குப் பிறகு. "பார்த்தீங்களா, அந்த ஆளே முதல்ல கோத்தகிரிதான்" என்று இவரிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்து இறங்கினால் வேன்காரர் 2,600 என்கிறார். வெயிட்டிங் 500, பார்க்கிங் 300. "பார்க்கிங் சீட்டு எங்க தம்பி?" என்றேன். "சீசன்ல சீட்டெல்லாம் தர மாட்டாங்கக்கா." பிள்ளைகள் பசியோடு நிற்கிறார்கள், இவர் வழக்கம் போலப் பர்ஸைத் திறந்துவிட்டார். அடுத்த நாள் காலை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கண் முன்னால் 'கோடநாடு' என்று போர்டு போட்ட அரசு பஸ் வந்து நின்றது. பாதி காலி. ஐந்து பேருக்கும் சேர்த்து 150-ஐத் தாண்டியிருக்காது. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வெயிட்டிங், பார்க்கிங் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள், அவர் கூச்சப்பட மாட்டார்.

படகுக்காக ஒரு நாள் ஊட்டி போனோம். அதைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. முப்பது கிலோமீட்டர் கூட இல்லாத பாதை, இரண்டரை மணி நேரம். ஏரியில் படகுக்கு ஒன்றேகால் மணி நேர வரிசை, படகில் அரை மணி நேரம். என் பெண்ணே திரும்பும்போது, "அம்மா, நம்ம ஊருக்குப் போலாம்" என்றாள். நம்ம ஊர் என்றது கோத்தகிரியை.

எப்போது போவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மேயில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும், வெளியே சுற்றுவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்தால் மலையின் மேற்குப் பக்கம், கூடலூர், அவலாஞ்சி எல்லாம் ஊற்றும். கோத்தகிரி கிழக்குப் பக்கம். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா நடுவில் நின்று அந்த மழையை ஓரளவு மறித்துவிடுகிறது. பள்ளி திறக்கிற தேதி தள்ளிப்போனால் ஜூன் முதல் வாரத்துக்கும் யோசிக்கலாம். ஆனால் 2025-ல் மே கடைசியிலேயே மழை வந்து நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம். சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு இன்னொன்று: சீசனில் மேலே ஏறக் குன்னூர் வழி, இறங்கக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மொத்தச் செலவு 22,300. ரயில், பஸ் 3,000, ரூம் 9,900, வேன் 2,600, சாப்பாடு 4,500, ஊட்டி நாள் 1,600, மீதி 700 பிளம்ஸும் பீச்சஸும். திட்டத்தைவிட 4,300 கூட. பிளம்ஸ் வாங்கிய காசுக்கு மட்டும் வருத்தமே இல்லை. கடித்தால் முழங்கை வரை சாறு வழிந்தது.

இனி பஸ் நேரம். அரை மணி நேரமாக அந்தச் சீட்டைத் தேடிவிட்டேன். ஹேண்ட்பேக், இவர் சட்டைப் பை, பெண்ணின் கதைப் புத்தகம், எங்கேயும் இல்லை. கடைசியில் அத்தையிடம் கேட்டேன். முறுக்கு டப்பாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"பத்திரமா வைங்கன்னு பஸ்ல என்கிட்டதானே குடுத்த? மஞ்சப்பைக்குள்ளதான் போட்டேன்."