திறக்க மறுத்த எக்செல் கோப்பைப் பிரித்துப் பார்த்த கதை

எங்கள் அலுவலகத்தில் சரக்கு இருப்புக் கணக்கு முழுவதும் ஒரே எக்செல் கோப்பில் இருந்தது. ஒருநாள் அது திறக்கவில்லை. உள்ளடக்கத்தில் ஏதோ சிக்கல், முடிந்தவரை மீட்டுத் தரட்டுமா என்று எக்செல் கேட்கும். சரி என்று அழுத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டு, பழுதான கோப்பு, திறக்க முடியாது என்று கைவிரித்துவிடும். பேக்கப் இருந்தது, ஆனால் பழையது. "தம்பி, பழைய கணக்கு எனக்கு மனப்பாடம், அப்புறம் ஏத்தினதுதான் வேணும்" என்றார் கணக்குப் பார்க்கும் அக்கா. வேறொரு கணினியிலிருந்து கோப்பைக் கொண்டுவரும் வழியில் எங்கேயோ பாதியில் அறுபட்டிருக்கிறது. எங்கே, யார் கையில் என்பதைக் கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் நகல் எடுத்து, மூலத்தைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைத்தேன். இந்த மாதிரி நேரத்தில் ஆளாளுக்கு வந்து திறந்து பார்த்து, எக்செல் அரைகுறையாக மீட்டதை அதே பெயரில் சேமித்துவிட்டால், மிச்சமிருந்ததும் போய்விடும். அப்புறம் வழக்கமான வைத்தியம்: எக்செலின் ஓப்பன் பெட்டியில் கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஓப்பன் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டினால் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' வரும், அது பல பேருக்கு அங்கே இருப்பதே தெரியாது. சின்னப் பழுது என்றால் இதிலேயே சரியாகிவிடும். எங்களுக்கு ஆகவில்லை.

அடுத்து லிப்ரே ஆபிஸ், எக்செல் கோப்புகளையும் திறக்கும் இலவச மென்பொருள். எக்செல் திறக்காததை அது திறந்த அனுபவம் எனக்கு முன்பே உண்டு. கோப்பு சேதமாகியிருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்டு, ஒருவழியாகத் திறந்தும் விட்டது. தேதி, எண்ணிக்கை, விலை எல்லாம் அப்படியே இருந்தன. பொருளின் பெயர் இருக்க வேண்டிய நெடுவரிசை மட்டும் துடைத்து வைத்ததுபோல் காலி.

அங்கேதான் ஆர்வம் வந்தது. எண்கள் தப்பித்து எழுத்துகள் மட்டும் ஏன் போக வேண்டும்?

எக்செல் 2007, வேர்ட் 2007 முதல் வந்த புது வகைக் கோப்புகள் உண்மையில் ஜிப் கோப்புகள்தான், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய மூட்டை, பெயர்தான் வேறு. நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து பி, கே என்று இருக்கும்; ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயர்ச்சுருக்கம் அது. பழுதான கோப்பு எது வந்தாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பி, கே இருந்தால் நம்பிக்கை உண்டு. வெப்பேஜ் போல எச்டிஎம்எல் டேக்குகள் (கோண அடைப்புக்குள் வரும் குறிகள்) தெரிந்தால், ஏதோ ஒரு மென்பொருள் வெப்பேஜுக்கு எக்செல் என்று பெயர் வைத்து அனுப்பியிருக்கிறது, கோப்பில் பழுதே இல்லை. முழுக்க வெற்று பைட்டுகளாக இருந்தால், திடீரென்று மின்சாரம் போனால் சில நேரம் அப்படி ஆகும், உள்ளே மீட்க எதுவுமே கிடையாது. நேரத்தை வீணாக்காமல் பேக்கப்பைத் தேடப் போகலாம்.

எங்கள் கோப்பில் பி, கே இருந்தது. நகலின் பெயரை ஜிப் என்று மாற்றி செவன்-ஜிப் என்ற மென்பொருளில் பிரித்தேன். கோப்பு எதிர்பாராமல் பாதியிலேயே முடிந்துவிட்டது என்று புலம்பியது, ஆனால் பிரித்தது. ஜிப்பின் பொருளடக்கம் கோப்பின் வாலில் இருக்கும், அது அறுந்துபோனதால்தான் எக்செல் முரண்டு பிடித்திருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் ஒரு சின்னத் தலைப்பு தனியாக உண்டு, அதை வைத்துப் பிரித்துவிடலாம். ஷீட்டுகள் முழுசாக வந்தன. கடைசியாக வந்த 'ஷேர்டு ஸ்ட்ரிங்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு (டேக்குகளோடு எழுதிய சாதாரண எழுத்துக் கோப்பு) ஒரு வார்த்தையின் நடுவில் நின்றுபோயிருந்தது.

எழுத்துகள் போனதன் ரகசியம் அதுதான். எக்செல் ஒரு செல்லுக்குள் பொருளின் பெயரை எழுதுவதில்லை, 57 என்று ஒரு எண்ணைத்தான் எழுதுகிறது. ஷேர்டு ஸ்ட்ரிங்ஸ் பட்டியலில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 57-வதாக வரும் பெயரைக் கொண்டுவந்து காட்டு என்று அர்த்தம். ஒரே பெயர் ஆயிரம் வரியில் வந்தாலும் பட்டியலில் ஒருமுறைதான். எங்கள் கோப்பில் அந்தப் பட்டியல் ஷீட்டுகளுக்குப் பின்னால் இருந்ததால், வால் அறுந்ததும் அடி அதற்கு விழுந்திருக்கிறது.

பட்டியலின் தலையிலேயே மொத்தம் எத்தனை பதிவுகள் என்று எழுதியிருக்கும். அறுந்த கடைசிப் பதிவை மட்டும் வெட்டிவிட்டு, குறைகிற ஒவ்வொரு இடத்துக்கும் 'காணோம்' என்று எழுதி அதன் எண்ணையும் ஒட்டி, கடைசியில் மூடும் டேக்கைப் போட்டேன் (கையால் அல்ல, சின்ன ஸ்கிரிப்ட்). இடத்தைக் காலியாக விட்டால், இல்லாத எண்ணைத் தேடி எக்செல் மறுபடியும் சிக்கல் சிக்கல் என்று கத்தும். ஃபார்முலாக்களின் கணக்கு வரிசையை வைத்திருக்கும் 'கால்க் செயின்' கோப்பும் வாலோடு போயிருந்தது. அது போனால் கவலையில்லை, எக்செல் தானே புதிதாக எழுதிக்கொள்ளும். ஆனால் இல்லாத கோப்புகளைப் பற்றி மற்ற கோப்புகளில் இருக்கும் குறிப்புகளை அழித்துவிடுவது நல்லது, நான் அழித்தேன்.

திரும்ப ஜிப் போடும்போது ஃபோல்டரை ஜிப் போடக் கூடாது, ஃபோல்டருக்கு உள்ளே போய், இருப்பதையெல்லாம் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். உள்ளே என்னென்ன வகைக் கோப்புகள் என்று சொல்லும் 'கன்டென்ட் டைப்ஸ்' என்ற கோப்பு மேல்மட்டத்திலேயே இல்லாவிட்டால் எக்செல் ஏறெடுத்தும் பார்க்காது. இத்தனையும் செய்துவிட்டு இந்த ஒரு இடத்தில் நம்பிக்கை இழந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

பெயரை மாற்றித் திறந்தேன், திறந்துவிட்டது. புது வரிகளிலும் பெரும்பாலும் பழைய சரக்குகளின் பெயர்தான் என்பதால், அவற்றின் எண்கள் பட்டியலின் முன்பகுதியிலேயே இருந்தன, பெயர்கள் தானாக வந்து உட்கார்ந்தன. சமீபத்தில் புதிதாகச் சேர்த்த பொருள்கள் மட்டும் காணோம்-1812 என்ற மாதிரி நின்றன. அக்கா விலையைப் பார்த்தே இது இன்னது என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எண்ணையும் ஒருமுறை ரீப்ளேஸ் செய்ததில் அந்தப் பொருள் வந்த வரிகள் எல்லாம் ஒரே அடியில் சரியாயின. எண் ஒட்டாமல் வெறும் 'காணோம்' என்று போட்டிருந்தால் இது நடந்திருக்காது. பழைய பேக்கப் தேதி வரைக்குமான கூட்டுத்தொகைகளை இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்திய பிறகுதான் கோப்பை அக்காவிடம் கொடுத்தேன்.

நடுவில் ஒருவர், கோப்பை ஏற்றினால் நிமிடத்தில் சரிசெய்து தரும் இணையதளங்கள் இருக்கின்றனவே என்றார். இருக்கின்றன. அலுவலகக் கணக்கை முன்பின் தெரியாதவர் சர்வரில் ஏற்ற எனக்கு மனசு வராது. அங்கேயும் இதே வேலையைத்தான் செய்வார்கள், இல்லாத பெயரை அவர்களாலும் வரவழைக்க முடியாது.

வேர்ட் கோப்பு என்றால் இவ்வளவு தூரம் போகும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள். கோப்பு திறக்கிறது, ஆனால் பக்கங்கள் தாறுமாறாகக் குதிக்கின்றன, தொங்குகிறது என்றால், கடைசிப் பத்திக்குறியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நகலெடுத்துப் புதுக் கோப்பில் ஒட்டுங்கள். கடைசிப் பகுதியின் பக்க அமைப்பு விவரங்கள் அந்தக் குறியோடுதான் இருக்கின்றன, பழுதும் பல நேரம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்திக்குறி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தெரியும்.