எலும்புக்குக் கிடைத்த அனுமதியும் விரிப்புக்குக் கிடைத்த விளம்பரமும்

உடல் அசதி போகும், உறக்கம் ஆழமாகும், கடுமையான உடற்பயிற்சிக்குப் பிந்தைய தசைவலி விரைவில் தணியும் என்றெல்லாம் சொல்லி விற்கப்படும் பி.இ.எம்.எஃப். (துடிப்பு மின்காந்தப் புலம்) விரிப்புகளின் விளம்பரங்களில் ஒரு வரி அநேகமாகத் தவறுவதில்லை. துடிப்பு மின்காந்தப் புல சிகிச்சையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1979ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதே அந்த வரி. அது உண்மையும்கூட. ஆனால் அன்று ஏற்கப்பட்டது, நெடுநாளாகியும் கூடாமல் நிற்கும் எலும்பு முறிவுக்கான மருத்துவக் கருவி. இன்று விற்கப்படுவது, அசதிக்கும் உறக்கத்துக்குமான விரிப்பு. முன்னதன் சான்றிதழைக் காட்டிப் பின்னதை விற்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இச்சிகிச்சையின் அடிப்படை 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்தூண்டல். கம்பிச் சுருளில் மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தினால், அதைச் சுற்றிலும் எழுந்து அடங்கும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் சிறு மின்புலத்தைத் தூண்டும். உப்பும் நீரும் நிறைந்த நம் உடலும் ஒரு கடத்திதான். புலம் எவ்வளவு வலியது என்பதோடு அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும் இங்கே முக்கியம். ஆகவே துடிப்பின் வடிவத்தைச் சொல்லாமல் உச்ச அளவை மட்டும் அச்சிட்டிருக்கும் பெட்டி பாதித் தகவலைத்தான் தருகிறது. அந்த உச்ச அளவுகளிலும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கேற்ப ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும் (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு; மைக்ரோடெஸ்லா அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு). வீட்டு விரிப்புகளில் பல, இந்த அளவிலோ இதைப் போலச் சில மடங்கிலோதான் இயங்குகின்றன. மனச்சோர்வுக்காகத் தலையின் மேல் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் மருத்துவமனைக் கருவியோ 1.5 டெஸ்லா, 2 டெஸ்லா என்ற அளவில், நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் துடிப்பை எழுப்பிவிடுகிறது. இரண்டும் துடிக்கும் காந்தப்புலங்களே என்பதற்காக ஒன்றின் பலன் மற்றதற்கு வந்துவிடாது.

நண்பர் ஒருவரின் விரிப்பில் படுத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. இதமாக இருந்தது. ஆனால் அந்த விரிப்புக்குள் வெப்பமூட்டும் இழைகளும் தனியே இருந்தன. வெப்பத்தை அணைத்துவிட்டு மின்காந்தத் துடிப்பை மட்டும் ஓடவிட்டபோது, கட்டுப்பாட்டுப் பெட்டியின் மெல்லிய ரீங்காரத்தைத் தவிர வேறெதுவும் புலப்படவில்லை. திசைகாட்டிக்காகக் கைப்பேசியில் உள்ள காந்த உணரியின் அளவைத் திரையில் வரவழைத்து, கைப்பேசியைச் சுருள் இருக்கும் இடத்தில் வைத்தால், எண்கள் ஏறி இறங்கின. ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கியதும் அந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. குறுகிய துடிப்பின் உச்சத்தைக் கைப்பேசி உணரியால் பிடிக்க இயலாது என்பதால் இதை அளவீடாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் சுருளிலிருந்து விலக விலகப் புலம் எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. முதுகுத் தோலுக்குக் கிடைப்பது உடலின் ஆழத்துக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை. இதில் இன்னொன்றும் உண்டு: வெப்பம் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் என்பது எவரும் அறிந்ததே. வெப்பத்தையும் துடிப்பையும் ஒரே விரிப்பில் தைத்துக் கொடுத்தால், கிடைத்த சுகம் எதனால் வந்தது என்று எப்படிப் பிரித்தறிவது?

எலும்பின் கதைக்கு வருகிறேன், ஏனெனில் இத்துறையில் உருப்படியான ஆராய்ச்சி நடந்த இடம் அதுதான். எலும்பை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றுகிறது என்பதை ஜப்பானைச் சேர்ந்த ஃபுகாடா, யசுடா ஆகியோர் 1957இல் வெளியிட்டனர். எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில் மின்சாரத்துக்கும் பங்கிருக்கலாம் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எலும்பு மருத்துவர் ஆண்ட்ரூ பாசெட், அறுவை இல்லாமல் வெளியிலிருந்தே சுருள்களால் அந்த மின்புலத்தைத் தூண்ட முனைந்தார். 1974இல் நாய்களின் எலும்பில் நடத்திய ஆய்வை வெளியிட்டார். 1979ஆம் ஆண்டின் அனுமதி அதன் தொடர்ச்சி. நோயாளிகள் முறிவின் மேலேயே சுருளைப் பொருத்திக்கொண்டு, நாள்தோறும் பல மணி நேரம், பல மாதங்கள் சிகிச்சை பெற்றனர். விரிப்பில் சிறிது நேரம் படுத்து எழுவதோடு இதை ஒப்பிட வழியே இல்லை.

அந்த எலும்புச் சிகிச்சையின் சான்றுகூட முழுமையானதன்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆண்டனி பார்க்கரும் உடன் ஆய்வாளர்களும் 1984இல் ஒரு சிறு சோதனையின் இடைக்கால முடிவுகளை வெளியிட்டனர். கீழ்க்காலின் பெரிய எலும்பு முறிந்து ஓராண்டுக்கு மேலாகியும் கூடாத 16 நோயாளிகளுக்கு, எது இயங்கும் கருவி, எது போலிக் கருவி என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி கொடுத்துப் பார்த்தார்கள். இயங்கும் கருவி பெற்ற 9 பேரில் 5 பேருக்கு எலும்பு கூடியது. போலிக் கருவி பெற்ற 7 பேரிலும் 5 பேருக்குக் கூடியது! காலை அசையாமல் கட்டி, அதன்மேல் பாரம் ஏற்றாமல் வைத்திருந்ததே வேலை செய்திருக்கலாம் என்பதுதான் இதிலிருந்து எழுந்த ஐயம். 45 பேரை வைத்து எலும்பு மருத்துவர் ஷாரார்ட் 1990இல் வெளியிட்ட சோதனையில் கருவிக்குச் சாதகமான முடிவு வந்தது. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2011ஆம் ஆண்டு மறுஆய்வு, 4 சோதனைகளையும் அவற்றில் இருந்த 125 பேரையும் சேர்த்துப் பார்த்து, பலன் இருக்கக்கூடும், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற அளவில் நின்றது. அதே பார்க்கர்தான் 1985இல், காந்தத் துடிப்பால் மனித மூளையை மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே தூண்டிக் காட்டியவர். காந்தத் துடிப்பால் உடலில் எதுவும் நடக்காது என்று நம்பியவர் அல்லர் அவர். போலிக் கருவியை எதிரே வைத்துப் பார்க்காமல் எதையும் ஏற்காதவர், அவ்வளவே.

முழங்கால் மூட்டுத் தேய்மானத்தில் நிலைமை சற்றுத் தெளிவு. 9 ஆய்வுகளில் 636 பேரைக் கணக்கில் கொண்ட 2013ஆம் ஆண்டின் காக்ரேன் மறுஆய்வில், 100 புள்ளி அளவுகோலில் போலிச் சிகிச்சையைவிட ஏறத்தாழ 15 புள்ளிகள் அதிகமாக வலி குறைந்திருந்தது; ஆனால் மூட்டின் செயல்பாட்டிலோ வாழ்க்கைத் தரத்திலோ தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. மூட்டுவலிக்காரர் ஒருவர் மருத்துவரின் மேற்பார்வையில் இதை முயன்று பார்க்க விரும்பினால் நான் தடுக்கமாட்டேன்.

உடற்பயிற்சிக்குப் பிந்தைய மீட்சி என்ற விளம்பரத்தில்தான் எனக்கு ஐயம் கூடுகிறது. பழக்கமில்லாத பயிற்சியால் வரும் தசைவலி ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், பின்னர் தானாகவே இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது விரிப்பைத் தேடிப் படுப்பவர், எழுந்ததற்குப் பின் வரும் தணிவை விரிப்பின் கணக்கில் எழுதிவிடுவது இயல்பே. இரத்தத்திலுள்ள இரும்பைக் காந்தம் ஈர்த்து ஓட்டத்தைப் பெருக்குகிறது என்ற விளக்கம் இன்னமும் உலவுகிறது. ஆனால் அந்த இரும்பைத் தாங்கும் ஹீமோகுளோபினை, அதில் ஆக்சிஜன் ஏறியிருக்கும்போது, காந்தப்புலம் மிக மெல்லியதாக விலக்குகிறது என்பதை வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் 1936இலேயே அளந்து காட்டிவிட்டனர். நாசாவின் பெயரும் அடிக்கடி வருகிறது. அங்கே நடந்தது வளர்ப்புக் கலத்தில் இருந்த நரம்புச் செல்களின் மேல் செய்த ஆய்வு. அதிலிருந்து விளையாட்டு வீரரின் தொடைத்தசை வரை ஒரே தாவலில் போய்விட முடியாது.

பேஸ்மேக்கர் முதலிய மின்னணுக் கருவிகள் உடலுக்குள் பொருத்தப்பட்டவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் ஆகியோர் இவ்விரிப்புகளின் பக்கம் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. காரணம் தெரியாத வலியைக் கண்டறியாமல் விரிப்பில் படுத்துத் தள்ளிப்போடுவதும் சரியன்று.

ஏற்கெனவே விரிப்பை வாங்கிவிட்டவர்கள், வலுக்குறைந்த புலம் உடலுக்குப் புலப்படாது என்பதையே தங்களுக்கு வாய்ப்பாக்கிக்கொள்ளலாம். வெப்பத்தை அணைத்துவிட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் வைத்து, வீட்டில் ஒருவரிடம் சில நாள் இயக்கவும் சில நாள் இயக்காமல் விடவும் சொல்லி, எந்த நாள் எது என்பதை அவரையே குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் வலியையும் உறக்கத்தையும் மட்டும் நாள்தோறும் எழுதி வாருங்கள். சில வாரங்கள் கழித்து இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தசை துள்ளும் அளவுக்கு வலிய துடிப்பைத் தரும் வளையக் கருவிகளில் மட்டும் இந்த வழி பயன்படாது, ஏனெனில் கருவி இயங்குகிறதா இல்லையா என்பதை உங்கள் தசையே சொல்லிவிடும்.