சேர்க்காதேங்கோ

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரப் பாமசி ஒன்றில் நின்ற காலம். அக்கராயன் பக்கமிருந்து ஓர் அம்மா மருந்துத் துண்டு கொண்டுவந்தார். வரம்பில் சறுக்கி விழுந்ததில் முள்ளந்தண்டெலும்பு ஒன்று நசிந்துவிட்டதாம். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. எலும்புத் தேய்வு என்று அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரத்துக்கு ஒன்று எழுதியிருந்தார்கள்.

நான் பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்புவித்தேன். காலமை வெறுவயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு, பிறகு அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது. "கல்சியத்தோட சேர்க்காதேங்கோ அம்மா." கழுத்து மடிப்போடு மடிப்பாகக் கிடந்த தழும்பைக் கண்டேன். கண்டதோடு சரி.

ஐந்தாம் நாள் மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தான். வாயைச் சுற்றி எறும்பு ஊருகிறதாம். அப்போதுதான் அந்தத் தழும்பு எனக்கு உறைத்தது. பிறசர் பட்டியைக் கட்டிக் காற்றடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் ஆகவில்லை. மணிக்கட்டு மடங்கி, விரல்கள் குவிந்து, திருநீறு எடுக்கப் போன கை மாதிரி அப்படியே நின்றது. இரத்தத்தில் கல்சியம் குறைந்ததன் அடையாளம் அது.

"கல்சியம் போடுறனீங்களோ?"

"நீங்கள்தானே தம்பி சேர்க்க வேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

ஒரு வேளைக்குச் சொன்னதை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னதாக எடுத்திருக்கிறார். பிழை அவரில் இல்லை. உடனே ஆசுபத்திரிக்கு அனுப்பினோம்; அங்கே ஊசி வழியாகக் கல்சியம் ஏற்றினார்கள்.

அந்தத் தழும்பு பல வருடத்துக்கு முந்திய கழுத்துக் கழலை ஒப்பரேசனில் வந்தது. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பிக்குப் பின்னால் அரிசிமணி போல நாலு பராதைரொயிட் சுரப்பிகள் இருக்கும். அவை பழுதானால் வரும் ஓமோன் குறைபாடு அரிது. வருபவர்களில் பெரும்பாலானோருக்குக் கழுத்து ஒப்பரேசன்தான் காரணம். எலும்பிலிருந்து கல்சியத்தை இறக்குவதும், சிறுநீரோடு போவதை மறிப்பதும், விற்றமின் டியை வேலைக்கு விடுவதும் அந்த ஓமோன்தான். அது இல்லாதவருக்குக் கல்சியமும் அல்பாகல்சிடோல் என்ற விற்றமின் டி மருந்தும் சோறு தண்ணி மாதிரி. அலென்ட்ரோனேட்டோ எலும்பு கரைவதைத் தடுக்கிற மருந்து. கரைவதே மந்தமாகிப்போன எலும்புக்கு அதைக் கொடுத்தால், இரத்தத்துக்கு வருகிற கொஞ்சமும் நின்றுபோகும். நான் இரண்டு பக்கமும் வாய்க்காலை அடைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து, கொழும்பில் எடுத்த எலும்பு ஸ்கான் முடிவை மேசையில் விரித்தார். அடர்த்தி வயதுக்கு மிஞ்சி இருந்தது.

"நல்ல எலும்பெண்டு கிடக்கு. பிறகேன் தம்பி நசிஞ்சது?"

நல்ல கேள்வி. எலும்பு பழசை அரித்துப் புதுசு போட்டுக்கொண்டே இருக்கும். ஓமோன் இல்லாவிட்டால் அந்த வேலை மெல்ல மெல்ல நடக்கும். பழசு அப்படியே கிடந்து சேரும். ஸ்கான் எவ்வளவு கிடக்கிறது என்று அளக்குமே தவிர, எத்தனை நாள் பழசு என்று சொல்லாது. அடர்த்தி கூடியிருந்தும் முள்ளந்தண்டு நசிவு இந்த ஓமோன் இல்லாதவர்களுக்கு, அதுவும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, கூடுதலாக வருவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கேட்டுக்கொண்டிருந்தவர், "கதியால் மாத்தாத வேலி எண்டுறியள். பாக்க மொத்தமா நிக்கும். மாடு முட்டினாத்தான் தெரியும்" என்றார்.

வேலி மாதிரி உக்கல் இல்லை அம்மா, முற்றல் என்று திருத்த வாயெடுத்தேன். விட்டுவிட்டேன். என் விளக்கத்தைவிட அவருடையது நன்றாகவே இருந்தது.

அன்றைக்கு அவர் வாங்க வந்தது நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோல். வயிற்றில் அமிலம் குறைந்தால் கல்சியம் காபனேற்றுக் குளிசை சரியாக உறிஞ்சப்படாது. எடுத்த பெட்டியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, கிளினிக் கொப்பியைக் கேட்டேன்.